பட்டியலில் உண்டு, பெட்டியில் இல்லை

"பட்டியல்ல இருக்குது, பெட்டியில இல்லைன்னா என்ன கண்ணு அர்த்தம்?" என்று கேட்டார் முதலாளி கிட்டுசாமி.

கேட்கப்பட்டவன் தங்கதுரை. திருப்பூரின் அந்தப் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிகள் அனைத்தையும் படைப்பவனும் காப்பவனும் அவனே. அழித்தலையும் அவ்வப்போது குறைவறச் செய்து வந்தான். மாலை நான்கு மணிக்குக் கன்டெய்னர் புறப்பட வேண்டும். வெளிநாட்டார் கேட்ட புதுவித லேபிளை அச்சிட, லினக்ஸ் சர்வரில் ஓர் அப்டேட் ஏற வேண்டும். லேபிள் இல்லாத பெட்டி கப்பலேறாது. "பத்தே நிமிசமுங்க" என்று அவன் காலையில் திருவாய் மலர்ந்தருளினான். இப்போது மணி பன்னிரண்டு.

அப்டேட்டுகள் இணையத்தின் மூலக் கிடங்கிலிருந்து நேரே எழுந்தருளுவதில்லை. ஊர்தோறும் அதன் நகல் கிடங்குகள் உண்டு, மிரர் என்பார்கள். அருகில் இருக்கிறதே என்று கோவைக் கல்லூரி ஒன்றின் மிரரை அவன் நம்பியிருந்தான். அங்கே புதிய பட்டியல் மட்டும் வந்து வீற்றிருந்தது. அதில் சொன்ன சரக்கைக் காணோம்.

"நம்ம பேக்கிங் லிஸ்ட்ல அறுநூறு பீஸ்னு போட்டுப்போட்டு, பெட்டியில நானூறு வச்ச மாதிரியுங்க."

"அப்படி வச்சவன நம்ம கம்பெனில ஒரு நாள் வச்சிருப்பமா?"

"அந்த மிரரப் பாத்துக்கறவன் மட்டும் கையில கெடச்சான்னா, நாக்கப் புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேப்பனுங்க."

முதலாளி திருப்தியுற்று, பொங்கலூர்க் கோயிலுக்குத் தரவிருந்த டியூப்லைட்டின் பக்கம் திரும்பினார். 'உபயம் கிட்டுசாமி' என்னும் எழுத்து அதன் பாதியை மறைத்திருந்தது. "இன்னுங் கொஞ்சம் பெருசா எழுதோணும்" என்றார். வெளிச்சத்தை வேறு யாரேனும் உபயம் செய்வார்கள் போலும். எந்தக் கோயிலுக்கு, எந்தக் கல்லூரிக்கு எதைக் கொடுத்தார் என்பது பெயர் எழுதிய பெயிண்டருக்கே வெளிச்சம்.

தங்கதுரையின் கைபேசி அலறியது. ஏதோ கோவை எண்.

"கிரெடிட் கார்டு விக்கறவங்க. ஒரு வாரமா உசிர எடுக்கறாங்க" என்று துண்டித்தான்.

பிறகு பரிகாரங்கள் தொடங்கின. கோவையைக் கைவிட மனமின்றி, மும்பை மிரரையும் துணைக்கு அழைத்தான். பாதி இங்கிருந்தும் பாதி அங்கிருந்தும் வந்து ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றன. சமரசம் செய்ய சிங்கப்பூர் மிரரை அழைத்தான். அதுவோ ஒரு வாரம் பின்தங்கிய மகான். மூன்றுக்கும் இடையில் சிக்கிய சர்வர் ஒரு நீண்ட கேள்வி கேட்டது. படிப்பது தன் தகுதிக்குக் குறைவென்று தங்கதுரை 'ஆம்' என்று அழுத்தினான். அச்சிடும் மென்பொருள் அக்கணமே வீடுபேறு அடைந்தது.

பேக்கிங் மேற்பார்வையாளர் வேல்விழி ஓடி வந்தாள். "அண்ணே, பழைய லேபிளும் வரமாட்டேங்கே! காலையிலயாவது அது வந்துச்சு!"

"சரி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஐயோ, இதுக்கு மேல சரி பண்ணாதீங்கண்ணே! மணி மூணரை. கன்டெய்னர் டிரைவரு நாலாவது டீ குடிக்காரு."

"நாலு மணிக்கு வண்டி போகலீன்னா, நாளைக்கு நீ வர வேண்டியதில்ல" என்று தங்கதுரையிடம் சொன்னார் முதலாளி. அவர் குரலில் இப்போது 'கண்ணு' இல்லை.

கைபேசி மீண்டும் அலறியது. அதே எண்.

"மொதல்ல அந்தக் கருமத்த எடுத்துப் பேசித் தொலை!"

தங்கதுரை ஸ்பீக்கரில் போட்டான்.

"வணக்கமுங்க. கோயமுத்தூர் காலேஜ் லேப்ல இருந்து இந்துமதி பேசறனுங்க. எங்க லேப்ல இருக்கற மிரர்..."

கரை உடைந்தது. "உங்க மிரருங்களா! உங்களால என்ற வேலையே போகப் போகுதுங்க! அதப் பாத்துக்கறேன்னு ஒரு தண்டம் இருக்குதே, அவன் ஆருங்க?"

முதலாளியும் கைபேசியை நோக்கிக் குனிந்தார். "பேரச் சொல்லும்மா. அவன வேலைக்கு வச்ச புண்ணியவான் ஆருன்னும் சேத்துச் சொல்லு."

மறுமுனையில் இந்துமதி நாற்காலியை நகர்த்தி எழும் சத்தம் கேட்டது.

"டிஸ்க் ரொம்பி, காப்பி ஆகறது பாதியில நின்னுபோச்சுன்னு சொல்லத்தானுங்க ஒரு வாரமாக் கூப்பிடறேன், மெஷின் மேல பெயிண்டுல எழுதியிருக்கறத அப்படியே படிக்கறனுங்க: உபயம், கிட்டுசாமி, திருப்பூர், பராமரிப்பு, தங்கதுரை, கீழ இந்த நம்பருங்க."