மூன்றாவது படி

மூன்றாவது படி மறுபடியும் கிரீச்சிட்டது. கஸ் நோவோட்னி வாயில் கவ்வியிருந்த ஆணிகளைக் கையில் துப்பிவிட்டு, யாருக்காவது கேட்டதா என்று திரும்பிப் பார்த்தார். டஃபிக்குக் கேட்டிருந்தது.

டஃபி அந்த ஸ்டுடியோவின் தச்சு மேஸ்திரி. கஸ்ஸைவிட இருபது வயது சின்னவன்.

"யோவ் கஸ், இது உன் நியூயார்க் நாடகக் கொட்டகை இல்ல, ஹாலிவுட். பத்து மணிக்கு ஷாட். அதுக்குள்ள அந்தப் படி வாயை மூடணும். இல்லேன்னா நீ ரயிலேறிடு."

கஸ்ஸுக்குப் போவதற்கு இடமில்லை. சின்ன வயதில் புரூக்ளின் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, இடுப்பு போன பிறகு தியேட்டர் தச்சு வேலைக்கு வந்தவர். யுத்தத்துக்கு முன்னால் நான்கு வருடம் ஓடிய நாடகத்துக்கு இந்த மாடிப்படியை அவர்தான் செய்தார். இப்போது அந்தக் கொட்டகையை இடித்து, கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். ஸ்டுடியோக்காரர்கள் நாடகத்தைப் படமாக்க விலை பேசியபோது கதையை வாங்கினார்கள், பாட்டுகளை வாங்கினார்கள், கதாநாயகி கோராவுக்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். ஆனால் கிடங்கில் தூசி படிந்து கிடந்த படியைப் பிரித்து, சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். கூடவே கஸ்ஸும் வந்தார், தற்காலிக வேலைக்கு. இது ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம் என்று பேச்சு.

புதுப் படி செய்ய இங்கே ஆள் இல்லையா என்று வந்த அன்றே கேட்டுப் பார்த்தார். டைரக்டர் ஆசைப்பட்டாராம். அதற்கு மேல் டஃபிக்கு எதுவும் தெரியவில்லை.

கிரீச் புதிதல்ல. நாடகம் ஓடிய காலமெல்லாம் இருந்தது. சரிசெய்யப் போனபோதெல்லாம் கோராதான் தடுத்தாள். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் அவளை இறக்குவார்கள்.

"அது கெடக்கட்டும் கஸ். இருட்டுல மூணாவது படிக்கு வந்துட்டேன்னு அதுதான் எனக்குச் சொல்லுது," என்பாள்.

இங்கே ஏது இருட்டு? தலைக்கு மேல் விளக்குகள் மண்டையைப் பிளந்தன.

"பாட்டைத்தான் போன மாசமே பதிஞ்சாச்சே. ஹீரோயின் அம்மா சும்மா வாயசைக்கப் போகுது. படி கத்தினா யாருக்கு என்ன?" என்று கஸ் முணுமுணுத்தார்.

டஃபி படிக்கு அடியில் விரலை நீட்டினான். அங்கே ஒரு மைக் தொங்கிக்கொண்டிருந்தது.

"வாரம் பூரா இந்த செட்ல மைக்கே கிடையாது. இன்னைக்குக் காலையில சவுண்டுக்கார லூயி கட்டியிருக்கான். பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவ சத்தமில்லாம இறங்கி வர்றா இல்ல, அங்க நம்மளை மாட்டிவிடறதுக்குத்தான். உன் படி கத்தட்டும், கையும் களவுமா புடிப்பாங்க."

கஸ் ஒப்பனை அறையிலிருந்து ஒரு டப்பா பவுடர் வாங்கி வந்து பலகை இடுக்கில் கொட்டினார். கிரீச் நின்றது. ஒத்திகைக்கு வந்த நாயகி லினெட், மூன்றாவது படியில் கால் வைத்தாள், கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். தன்னைக் கொல்ல எவ்வளவு வாங்கினீர்கள் என்று டஃபியைக் கேட்டுவிட்டு, பின்பக்கமெல்லாம் வெள்ளையாக உடை மாற்றப் போனாள்.

பவுடரை ஈரத்துணியால் துடைத்தார். மரம் ஊறிக்கொண்டது. இப்போது படி, வால் மிதிபட்ட பூனை மாதிரி கத்தியது.

மெழுகு தேய்த்தார். விளக்குச் சூட்டில் அது உருகி, கீழே காத்திருந்த ஆட்டக்காரர்களின் தொப்பியில் சொட்டியது. உடைப் பகுதி அம்மாள் வந்து, கஸ்ஸின் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுப் போனாள்.

கடைசியில் ஆணி அடித்தார். பலகை விரிந்து, நாலாவது படியும் கூட்டுச் சேர்ந்துகொண்டது.

பத்தாகிவிட்டது. டைரக்டர் ஹார்லன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கஸ் யாருக்கும் சொல்லாமல் படிக்கு அடியில் புகுந்தார். முழங்காலை ஊன்றி, இரண்டு பலகைகளையும் தோளால் மேலே நெம்பிக்கொண்டார். மூட்டை தூக்கிய தோள்தானே, தாங்கிவிடும்.

லினெட் இறங்கினாள். சத்தமே இல்லை. ஒலிபெருக்கியில் பாட்டு எழுந்தது. பின்னாலேயே ஆட்டக்காரர்கள் பூட்ஸ் காலோடு திமுதிமுவென்று அவர் முதுகின் மேலாக இறங்கினார்கள். கஸ் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"கட்," என்றார் டைரக்டர். "இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் சத்தமில்லை. அடுத்த தடவையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் டைரக்டரின் குரல் இறங்கிக்கொண்டே போனது. லினெட் தன் நடிப்பில் என்ன குறை என்று கேட்டாள். குறை ஒன்றுமில்லை, மறுபடி இறங்கம்மா, என்றார் அவர்.

தோள் மரத்துப்போன பிறகு கஸ்ஸுக்குக் கோராவின் நினைவு வந்தது. பக்கத்துத் திரைக்குப் பின்னால் மேடை முன்திரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதல் படி, இரண்டாவது படி, அப்புறம் அந்தக் கிரீச். கோரா பத்திரமாக இருக்கிறாள் என்று கயிற்றைத் தளர்த்துவார். இப்போது தலைக்கு மேல் ஒருத்தி இறங்குகிறாள், எந்தப் படியில் இருக்கிறாள் என்றே தெரியவில்லை. தூ, கிழட்டுப் புத்தி, என்று தன்னையே திட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நெம்பினார்.

சாப்பாட்டுக்கு விட்டார்கள். டைரக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். மைக்கைப் பார்க்க லூயி படிக்கு அடியில் தவழ்ந்து வந்தான். கஸ்ஸைக் கண்டதும் தலையை இடித்துக்கொண்டான்.

"அண்ணே, இங்க என்ன பண்றீங்க?"

கஸ்ஸால் நிமிர முடியவில்லை. ஆனாலும் குரலில் பெருமை இருந்தது. "காலையிலேருந்து இந்தப் படியில ஒரு சத்தம் கேட்டுதா சொல்லு? நான்தான் தாங்கிப் புடிச்சிருக்கேன். டஃபிகிட்ட நீயே சொல்லு."

லூயி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அந்தத் தூசியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் மைக் கெட்டுப்போச்சுன்னு மெஷின் பக்கம் இதுவரைக்கும் மூணு ஒயர் மாத்திட்டேன்ணே. டைரக்டரு சின்னப் பையனா இருந்தப்போ அந்த நாடகத்தை மேல் மாடியில, தூணுக்குப் பின்னாடி சீட்டுலதான் பார்ப்பாராம். அங்கேருந்து மேடையே தெரியாது. படி கிரீச்சுன்னா கோரா வந்துட்டான்னு அர்த்தமாம். லினெட்டுக்குத் தெரிஞ்சா வேணும்னே மிதிப்பா, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாரு. இந்தப் படியை ரயிலேத்திக் கொண்டுவந்ததே அந்தச் சத்தத்துக்குத்தான்ணே."