மருமகன் கடைக்கு வரி

கல்லடி
ஞாயிற்றுக்கிழமை, பூசையால் வந்து

அன்புத் தங்கச்சி றோசம்மாவுக்கு உன் அண்ணனாகிய பற்றிக் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் உன் மதினி சுகந்தினியும் மகள் நிலானியும் சுகமாக இருக்கிறோம். மதினியின் இடது முழங்கால் மட்டும் அந்தத் தயவுக்குள் இன்னும் வந்து சேரவில்லை. கலிபோர்னியாவில் நீயும் உன் மகன், என் மருமகன் அன்ரோவும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்கிறேன். இதைப் போனில் சொன்னால் போதாதா என்று நிலானி கேட்டாள். வரி சம்பந்தமான ஆலோசனை எழுத்தில்தான் இருக்க வேண்டும், நாளைக்கு நான் அப்படிச் சொல்லவில்லை என்று நானே மறுக்கக் கூடாது என்றேன். தபாலில் போட்டால் உங்கள் வாக்கெடுப்பு முடிந்துதான் கிடைக்கும் என்று, ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறாள். எழுத்து கலங்கலாக இருந்தால் பிழை அவளுடையது.

போன வாரம் நீ குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு போனில் கிசுகிசுத்ததை நான் முதலில் நம்பவில்லை. உங்கள் ஊரில் கஞ்சாக் கடைகளுக்கு வரி போடலாமா என்று ஊர்ச் சனத்திடமே வாக்குக் கேட்கிறார்கள் என்றாய். வரி போடலாமா என்று சனத்தைக் கேட்கிற ஊர் ஒன்று உலகத்தில் உண்டென்பது, முப்பத்துநாலு வருடம் வருமானப் பரிசோதகராக இருந்த எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நாங்கள் யாரைக் கேட்டோம்? வீட்டுக்குச் சோலைவரி, சைக்கிள் வரி, நாய் வரி எல்லாம் அறவிட்டோம். கேட்டிருந்தால் நாய்கூட எதிர்த்துத்தான் வாக்குப் போட்டிருக்கும். அதோடு நின்றாயா? அன்ரோ நடத்துவது மருந்துக்கடை இல்லை, கஞ்சாக் கடை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டாய். நாலு வருடமாக நான் கல்லடி முழுக்க என்ன சொல்லித் திரிந்தேன் என்று உனக்குத் தெரியும். கடை திறந்த அன்று பூசை ஒப்புக்கொடுத்தேன். நோயாளருக்குப் பணியாற்றப் போகும் அன்ரோவுக்காக என்று பங்குச் சுவாமி சொல்ல, கோயில் முழுக்க எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. ஆண்டவர் கேட்டருளித்தான் இருக்கிறார், வியாபாரம் நன்றாகப் போகிறதாமே. மதினியின் முழங்கால் எக்ஸ்ரேயைக்கூட நான் அவனுக்கு அனுப்பி வைத்தேன். பாவம், 'மாமா, டொக்டரிட்டக் காட்டுங்க' என்று மரியாதையாக எழுதியிருந்தான்.

பிறகு நீ கேட்ட கேள்விதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்தது. வரி வந்தால் கடை படுத்துவிடும் என்கிறார்கள், படுத்தால் அவன் வேறு மானமான வேலை பார்ப்பான், அதற்காக வரிக்கு வாக்குப் போடலாமா, பெற்ற தாயே பிள்ளையின் கடைக்கு எதிராகப் போட்டால் அவன் முகத்தில் எப்படி முழிப்பது, போடாமல் விட்டால் ஆண்டவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று அழுதாய். நாலு வருடமாக அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை என்றும் சொன்னாய். 'அண்ணா, நீங்க வரிக்காரர், நீங்களே சொல்லுங்க' என்று போனை வைத்துவிட்டாய். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் வரியைப் பற்றி வாய் திறந்து கேட்ட முதல் ஆள் நீ. ஆகையால் ஏனோதானோ என்று பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் காலத்தில் புதிதாக ஒரு வரி வருவதென்றால் பொது அறிவித்தல் ஒட்டி, ஆட்சேபனை கேட்டு, அதன் பிறகுதான் மற்றதெல்லாம். நானும் அப்படியே ஒரு மட்டையில், 'கஞ்சா விற்பனை நிலையங்களுக்கு வரி விதித்தல் தொடர்பாக ஆட்சேபனை உள்ளோர் காலை ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரை இவ்வில்லத்தில் சமுகமளிக்கவும்' என்று எழுதிக் கேற்றில் தொங்கவிட்டேன். கலிபோர்னியா என்று போட்டால் உன் மானம் போகுமே என்று அந்த ஒரு சொல்லை மட்டும் வேண்டுமென்றே விட்டேன். அதனால்தான் எல்லாக் கரைச்சலும். முதல் நாள் எட்டரைக்கே முன்வீட்டுக் கண்ணகை வந்து, கடை எங்கள் முன் அறையிலா வரப்போகிறது, தன் மகள் ரியூசன் கொடுக்கிற ஒழுங்கையில் இது நியாயமா என்று கேட்டாள். கடை இங்கே இல்லை என்றேன். அப்படியென்றால் எங்கே என்றாள். அதைச் சொல்ல முடியாது என்றேன். அவ்வளவுதான், பத்து மணிக்கு முன்னமே பென்சன்காரப் பற்றிக் ஒளித்துக் கஞ்சாக் கடை நடத்துகிறார், அதற்கு வரியும் தானே அறவிடுகிறார் என்று ஒழுங்கை முழுக்கக் கதை பரவிவிட்டது. இரண்டாம் நாள் காத்தான்குடியிலிருந்து அப்துல் மஜீத் வந்து இறங்கினார், என்னோடு ஒன்றாக வரி அறவிட்டவர், நம் வீட்டில் நண்டுக் கறி என்றால் மணம் பிடித்து வருவாரே, அவர்தான். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கதிரையில் இருந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, வரி விற்பனையிலா லாபத்திலா என்பது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, றோசம்மா. இப்படி ஒரு கேள்வி காதில் விழுந்து எத்தனை காலம். இரண்டு பேரும் மதியம் வரை பழைய கதைதான். சைக்கிளை மாமரத்துக் கொப்பில் தூக்கிக் கட்டிவிட்டு, இது ஓடுற சைக்கிள் இல்லை ஐயா என்று நின்ற மனிசனையும், அந்த மரத்தடியில் நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றதையும் நினைத்து நினைத்துச் சிரித்தோம். அந்த வெயிலும் அந்தக் காலும் இப்போது இல்லை.

மூன்றாம் நாள் இரண்டு பொலிஸார் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். மட்டையை இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஐயாவுக்கு உடம்பு சுகமா என்று மதினியிடம் தனியாகக் கேட்டார்கள். மதினி என்ன சொன்னாளோ, இருவரும் என்னை இரக்கமாகப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கரடியனாற்றிலிருந்து கந்தப்போடி வைத்தியர் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் கேள்விப்பட்டாராம். பொலிஸார் இருந்த பக்கம் அவர் பார்க்கவே இல்லை. நேரே என்னிடம் வந்து, 'முப்பது வரிசமா லேகியத்துக்கு ஒரு சொட்டுப் போடுறன் ஐயா, ஒருத்தரும் வரி கேக்கல்ல. நீங்க எடுக்கிறீங்க எண்டாங்க. கட்டிப்போட்டு ஒரு வரித்துண்டு எடுத்திட்டுப் போவம் எண்டு வந்தன்' என்று மடியை அவிழ்க்கத் தொடங்கினார். நான் பாய்ந்து, இவர் நாய் வரி கட்ட வந்திருக்கிறார், மாட்டு நாய், காவலுக்கு வளர்ப்பது என்று என்னென்னவோ சொன்னேன். இளைய பொலிஸ் நாயின் பெயர் என்ன என்று கேட்டார். கந்தப்போடியார் அப்போதுதான் பொலிஸ் உடுப்பைக் கண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'பேர் இன்னும் வைக்கல்ல தம்பி. வரி கட்டின மறுகா வைப்பம் எண்டு இருக்கன்' என்றார். வரி மேல் இத்தனை மரியாதை வைத்த மனிதரை நான் என் சேவைக் காலத்தில் கண்டதில்லை.

பதினாலு நாள் ஆட்சேபனை கேட்க நினைத்தவன், நாலாம் நாளே மதினி மட்டையை அடுப்பில் வைத்ததால் அவசரமாக வாக்கெடுப்புக்குப் போனேன். பிஸ்கட் ரின்னில் துவாரம் போட்டு வைத்தேன், ஒன்பது பேர் வாக்குப் போட்டார்கள். வரி வேண்டும் நாலு, வேண்டாம் நாலு, செல்லாத வாக்கு ஒன்று. செல்லாத சீட்டில் 'இனி ஒருத்தருக்கும் தேத்தண்ணி இல்லை' என்று மதினியின் கையெழுத்தில் எழுதியிருந்தது. சமமாகப் போனால் தலைமை தாங்குகிறவர்தான் தீர்க்க வேண்டும். அந்தத் தலை என்னுடையது. எல்லோரும் போன பிறகு ரின்னை மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோது எனக்கு அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

அப்பா சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு பழைய பாலத்தைக் கடந்து ரவுணுக்குப் போவதும், சந்தையில் ஒரு மீன் விற்கும் முன்னமே இருபத்தைந்து சதம் வரி கொடுத்துப் பற்றுச்சீட்டுத் துண்டு எடுப்பதும் உனக்குத் தெரியும். ஒருநாள் பெரிய வியாபாரி ஒருவர் அப்பாவின் பெட்டியைக் காலால் தள்ளி, எழும்பு என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அப்பா அந்த வரித்துண்டை எடுத்து விரித்து, 'நான் வரி கட்டி இருக்கன். எழுப்புறதெண்டா வரி எடுத்தவங்க வந்து எழுப்பட்டும்' என்றார். வியாபாரி காலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். நான் வரிக்காரனாக வேண்டும் என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. நீ அப்பாவின் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போவாய். பாலம் முடிகிற இடத்தில், ரயரில் காற்றுக் குறைந்துவிட்டது, இறங்கி நட மகள் என்பார். நாள் தவறாமல் அங்கேதான் காற்றுக் குறையும். நான் ஒரு பின்னேரம் பம்பை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், ரயர் கல்லுப்போல இருந்தது. என்னப்பா என்று கேட்டேன். 'காத்து இருக்குடா. அங்கால அவளுர கூட்டாளிப் புள்ளைகள் நிக்குங்க. மீன் பெட்டியோட வந்து இறங்க அவளுக்கு வெக்கமா இருக்கும்' என்றார். நீ அவரிடம் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அவரே கண்டுபிடித்து, காற்றுக் குறைந்தது என்று அவரே ஒரு சாட்டும் செய்து தந்தார். ஐம்பது வருடமாக இதை நான் உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்வது உன்னை நோகடிக்க இல்லை. அன்ரோ இந்த நாலு வருடத்தில் ஒருமுறையாவது கடைக்கு வாங்கம்மா என்று கூப்பிட்டதில்லை, அவனுக்கு என்னில் பாசமில்லை என்று நீ அழுதாயே. அவன் பாசத்தில்தான் கூப்பிடாமல் இருக்கிறான், புள்ள. நீ வெட்கப்படுவாய் என்று அவனுக்குத் தெரியும்.

ஆகவே என் தீர்ப்பு இது. வரி வேண்டும் என்றே போடு. கடையை மூடுவதற்காக இல்லை, அவன் வரி கட்டி நிமிர்ந்து இருப்பதற்காக. அங்கே நம்மூர் மாதிரி வாக்குச்சீட்டில் புள்ளடி போடுவதில்லை, முட்டை மாதிரி ஒரு வட்டத்தை மையால் நிரப்ப வேண்டும் என்று நிலானி சொல்கிறாள். பழக்கத்தில் புள்ளடி போட்டுத் தொலைக்காதே. போட்டுவிட்டு, பட்டப்பகலில், நல்ல சேலை உடுத்து அவன் கடைக்குப் போ. ஒன்றும் வாங்காதே. கதிரை கேட்டு இருந்துவிட்டு வா. எனக்கும் ஒருமுறை உன்னை நேரில் காண ஆசையாக இருக்கிறது. ஆனால் முதலில் பக்கத்தில் இருக்கிறவனைப் பார்.

மதினியும் நிலானியும் உங்கள் இருவரையும் கொஞ்சுகிறார்கள். அப்துல் மஜீத் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும், அவன் கடையையும் காத்துக்கொள்வாராக.

என்றும் உன் அண்ணன்,
பற்றிக்

பி.கு: படம் பிடிக்க வந்த நிலானி கடிதத்தை வாசித்துவிட்டு, ஒரு வார்த்தை என்னைக் கேட்காமல் அன்ரோவிடமே விலாசம் கேட்டுவிட்டாள். அவன் கடை உங்கள் ஊரிலேயே இல்லையாம். ஆற்றுக்கு அப்பால் அடுத்த ஊரில், வேறு சபையின் எல்லைக்குள் இருக்கிறதாம். ஆரையம்பதிக் கடைக்குக் காத்தான்குடியில் வரி போட முடியுமா? எல்லை எது என்று பார்க்காமல் வரிக்குத் தீர்ப்பு எழுதிய முதல் வருமானப் பரிசோதகன் நான்தான். மஜீதுக்கு இது தெரிய வேண்டாம். அந்த ஊரில் ஏற்கெனவே இந்த வரி உண்டாம், கடை திறந்த நாளிலிருந்தே அவன் ஒழுங்காகக் கட்டுகிறானாம். ஆகையால் வாக்கைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் செல்லாது. நீ வேண்டும் என்று போட்டாலும் வேண்டாம் என்று போட்டாலும் அவன் கடைக்கு ஒன்றும் ஆகாது. உன் வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமையும் பத்து மணிக்குத் திறப்பானாம். இனி நீ போகாமல் இருக்க ஒரு சாட்டும் இல்லை, தங்கச்சி.