ஆபரேஷனின் கறுப்புக் கண்ணாடி

கண் ஆபரேஷனே செய்துகொள்ளாமல் 'ஆபரேஷன்' என்று பேர் வாங்கியவன் ஆரணியில், ஏன், இந்த உலகத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

எங்கள் ஸ்டூடியோவில் அவன் ட்ரோன் ஓட்டினான். நான் வீடியோ வெட்டி ஒட்டுகிறவன். மற்றவர்கள் ட்ரோன் அனுப்பும் படத்தைக் கையிலுள்ள ஸ்கிரீனில் பார்த்தபடி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். இவன் ஏஆர் கண்ணாடி வாங்கினான். மாட்டிக்கொண்டால் எதிரே இருப்பவரும் தெரிவார், அவர்மேல் மிதப்பதுபோல ட்ரோன் படமும் தெரியும். நம் ஊர் வெயிலுக்கு அந்தப் படம் எடுபடவில்லை. முன்னால் ஒரு கறுப்பு மூடியைப் போட்டான். படம் பளிச்சென்று ஆனது. எதிரே இருப்பவர்தான் காணாமல் போனார்.

கறுப்புக் கண்ணாடியோடு, முகத்தைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறவனைப் பார்த்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

"எந்தக் கண்ணுப்பா ஆபரேஷன்? வலதா, இடதா?"

"கண்ணு நல்லாத்தாங்க கீது. ட்ரோன் பாத்துகினு இருக்கேன்."

"ரெண்டுமா! தலைக்குத் தண்ணி ஊத்தாத, இன்னா?"

ஒரு பட்டு வியாபாரி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பெரியவர் ஒருவர் அவன் கையைப் பிடித்துப் பந்திக்கே கூட்டிப்போய்விட்டார். ட்ரோன் மொட்டைமாடிக்கு மேலே, இவன் இலைக்கு முன்னே.

"உடுங்க பெரியவரே, எறக்கணும்!"

"பாயசம் சாப்ட்டுட்டு எறக்கலாம்பா."

மேலிருந்தே பார்த்துப் பார்த்து அவனுக்கு முகங்கள் மறந்துபோயின. தெருவில் யாராவது நலம் விசாரித்தால் திருதிருவென்று விழிப்பான். அவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்ததும், "அட நீங்களா! ரெட்டைச் சுழி!" என்பான். நானும் சிரிப்பேன். ஆனாலும் ஊரையே பார்க்கிறவன் ஒருத்தரையும் நேருக்கு நேர் பார்ப்பதில்லையே என்று எனக்கு உள்ளூர வருத்தம் உண்டு.

சிரிப்பெல்லாம் கல்யாணப் பேச்சு வரும்வரைதான். இரண்டு இடம் கூடிவந்து கலைந்தது. பையனுக்குக் கண் தெரியாதாம். "என்னை ஒரு வார்த்தை யாரும் கேக்கலியே" என்றான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

அடுத்து வந்தது களம்பூர்ப் பெண், பள்ளிக்கூட டீச்சர். சர்ச்சில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்கு வருவதுபோல வந்து, வேலையில் இருக்கும் பையனை அவனுக்குத் தெரியாமல் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. தரகர் அதை என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அதை அவனிடம் சொல்லாமல் இருக்க நான் என்ன கல்லா?

"இன்னிக்கு அந்தக் கண்ணாடிய வெளியவே எடுக்காத" என்றேன். சரியென்றான். கல்யாண வீட்டார்தான் விடவில்லை. கோபுரத்துக்கு மேலிருந்து ஊர்வலத்தை எடுக்க வேண்டுமாம், ஜல்தியாக. ட்ரோன் ஏறியது, கண்ணாடியும் ஏறியது.

சரியாக அப்போது களம்பூர்க்காரர்கள் வந்தார்கள். சரியாக அப்போதே ஒரு நல்ல மனிதர் அவன் முழங்கையைப் பிடித்து, "பாத்துப்பா, படி இருக்குது" என்றார். பெண்ணின் அப்பா அதைப் பார்த்தார். "பாவம்" என்று சொல்லிவிட்டு மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

"கழட்டுடா! அவங்க போறாங்க!"

"தெரியுதுடா. கேட்டாண்ட போய்கினு கீறாங்க." அவன் கட்டைவிரல் ரிமோட்டிலேயே இருந்தது. "கழட்டுனா ட்ரோன் எங்க கீதுன்னே தெரியாது. கீழ கொழந்தைங்க நிக்கிறாங்க."

கழற்றவில்லை. ட்ரோன் சர்ச் கேட்டுக்கு மேலே போய் நின்றது. இடமும் வலமும் திரும்பியது, மறுபடி திரும்பியது. ஒரு ட்ரோன் 'இல்லை, இல்லை' என்று தலையாட்டி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தப் பெண் மட்டும் அண்ணாந்து பார்த்தாள். ஆட்டோ வந்தது, போய்விட்டார்கள்.

ட்ரோனைப் பத்திரமாக இறக்கியபிறகு அவன் சர்ச் படியில் உட்கார்ந்தான். "எல்லாம் பேஜாராப் பூடுச்சுடா" என்றான்.

சில நாள் கழித்து ஸ்டூடியோவுக்குப் போன் வந்தது. பெண் குரல்.

"களம்பூர்ல இருந்து பேசறேங்க. கண்ணு தெரியாதவரோட ட்ரோன் எங்களைப் பாத்து எதுக்குங்க தலையாட்டுச்சு?"

"அது... கண்ணு தெரியும்னு சொல்லிச்சுங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அப்டின்னா நேரா வந்து சொல்லச் சொல்லுங்க. கண்ணாடி இல்லாம."

போனான், சொன்னான். தன் கல்யாணத்துக்கு மட்டும் ட்ரோனே வேண்டாம் என்றுவிட்டான். மணமேடையில் வெறும் கண்ணோடு நின்று, வந்தவர்களையெல்லாம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் நான் கவனித்ததில்லை. ரொம்ப அழகான கண் பயலுக்கு.