வேகம் பூச்சியமாகும் புள்ளி

“காலையில வீட்டில இருந்துதானே வெளிக்கிட்டீங்க?” என்று ஸகியா கேட்டாள்.

“ஓம்,” என்றார் அவள் கணவர் றவூப் சேர்.

“இப்ப அதே வீட்டுக்குத்தானே வந்து நிக்கிறீங்க?”

“ஓம். அதுக்கென்ன?”

“வெளிக்கிட்ட இடத்துக்கே ஒரு ஆள் திரும்பி வந்தா, இடையில ஒரு கணமாவது அவர்ர வேகம் பூச்சியமா இருந்திரிக்கணும். ரோலின் தேற்றம். சொல்லுங்க, எங்க நிண்டீங்க?”

றவூப் சேர் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றார். களுவாஞ்சிக்குடிப் பள்ளிக்கூடமொன்றில் பல வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறவர் அவர். அங்கிருந்து அவர் குடியிருக்கிற காத்தான்குடி வரைக்கும் ‘கணக்குச் சேர்’ என்றால் சின்னப் பிள்ளையும் வீடு காட்டும். ஆனால் அந்த வீட்டுக்குள்தான் கணக்கு உதைத்தது. ஸகியாவின் வெளிவாரிப் பட்டத்துக்கு நுண்கணிதம் மட்டும் மிச்சம். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் பெயில். இது கடைசித் தடவை. இதையும் விட்டால் பட்டமும் இல்லை, ஆசிரியர் நியமனமும் இல்லை. ‘கணக்குச் சேர்ர பொண்டாட்டி கணக்கில பெயிலாம்’ என்று மீன் வாங்கப் போகிற இடத்தில்கூடப் பேச்சு.

சேர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீட்டுக்கு வந்து அஸர் தொழுததில் இருந்து, பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் மனைவியை மேசையில் இருத்தி, இரும்பு அடிமட்டத்தால் மேசையைத் தட்டித் தட்டிப் படிப்பித்தார். “இதுகூடவா விளங்கல்ல?” என்பது அவருடைய பாடத்தில் அடிக்கடி வரும் வசனம். அவருடைய சத்தம் கூடக்கூட அவளுக்குக் கொட்டாவியும் கூடியது.

அப்படிப்பட்டவள் இன்று ரோலின் தேற்றத்தை நாக்கு நுனியில் வைத்திருக்கிறாள்! சேரின் நெஞ்சு சந்தோசத்தில் பொங்கியது. சிக்கல் என்னவென்றால், அவள் கேட்ட கேள்விக்கு உண்மையான விடை, ஆரையம்பதி தாண்டி இருக்கிற நஸீரின் இனிப்புக் கடை. அங்கே முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த ஒரு தட்டு வட்டிலப்பம்.

சேருக்குச் சீனி வருத்தம். டொக்டர் இனிப்பின் பேரையே எடுக்கக்கூடாது என்றிருந்தார். ஆனால் இந்தக் கிழமை நஸீர் தானாகவே றோட்டுக்கு வந்து மறித்து, “சேர், ஒரு தட்டு ருசி பார்த்திட்டுப் போங்க” என்று கையைப் பிடித்து இழுத்தபோது, மறுக்கிற அளவுக்குச் சேரிடம் மன உறுதி இருக்கவில்லை.

“பள்ளிக்கூடத்தில நிண்டன். அங்க வேகம் பூச்சியம்தானே?” என்றார்.

“சரி. வகுப்பு முடிஞ்சது நாலு மணிக்கு. இப்ப அஞ்சரை. வந்த தூரம் இருபது கிலோமீற்றர். சராசரி மணிக்குப் பதின்மூண்டு சொச்சம். இடைப்பெறுமானத் தேற்றப்படி, ஒரு கணமாவது நீங்க சரியா அந்த வேகத்தில வந்திரிக்கீங்க. மோட்டார் சைக்கிள உருட்டிக்கிட்டா வந்த?”

“டயர் காத்துப் போயிட்டு.”

“எந்த டயர்?”

“முன்... பின் டயர்.”

ஸகியா வெளியே போய் இரண்டு டயரையும் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தாள். இரண்டும் கல்லு மாதிரி இருந்தன. விரலைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சேர் பாடத்தையும் மறந்து, கேட்காமலே தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவி வைத்தார்.

அடுத்த நாள் சராசரியைச் சரிக்கட்டுவது என்று முடிவெடுத்தார். நஸீரோ தட்டை எடுத்து வரவே அரை மணித்தியாலம் எடுத்தான். முந்திரி நறுக்க வேண்டும் என்றான், மகளின் கல்யாணக் கதை சொன்னான், வாவியில் இறால் குறைந்துபோன கதையும் சொன்னான்.

“இனிப்புக் கொஞ்சம் மட்டா இரிக்கே நஸீர்?”

“இப்பத்தக் கருப்பட்டி அப்படித்தான் சேர். எல்லாம் கலப்படம். ஆறுதலாத் தின்னுங்க.”

சேர் விழுங்கிவிட்டுப் பறந்தார். வீட்டு வாசலில் மூச்சு வாங்க, “இண்டைக்கு வகுப்பு முடியவே அஞ்சு மணி. சராசரியப் பார், நாப்பது வரும்!” என்றார். ஸகியா தலையாட்டினாள். வென்றுவிட்டோம் என்று நினைத்தார்.

இரவுச் சாப்பாட்டு வேளையில், “எனக்குப் பசி இல்ல,” என்று வாயை விட்டார்.

“பகல் சாப்பாட்டையும் தேத்தண்ணியையும் தொகையிட்டுப் பார்த்தன்,” என்றாள் ஸகியா. “அது ரெண்டுக்கும் இந்நேரம் பசிக்கணும். தொகையீட்டில கடைசியா ஒரு மாறிலி C போடணும் எண்டு நீங்கதானே மேசைய ஒடைச்சிப் படிப்பிச்ச? உங்கட வயித்தில இரிக்கிற C என்ன?”

சேர் அவசரமாகச் சாப்பாட்டுப் பீங்கானை இழுத்தார். பசியில்லாத வயிற்றில் சோற்றையும் மீன் குழம்பையும் அடைத்துத் தன் நிரபராதித்தனத்தை நிரூபித்தார். அன்றைக்குப் பீங்கான் முழுவதையும் அவரே கழுவினார். படுக்கும்போது வயிறு கனத்தது, மனம் மட்டும் மிதந்தது. இவள் பாஸாகிவிடுவாள்!

இனி வட்டிலப்பத்தை விடுவதுதான் நியாயம். ஆனால் கணிதக்காரன் நியாயத்தைத் தேடமாட்டான், தேற்றத்தில் ஓட்டையைத் தேடுவான். நிற்காமலே தின்றால்? கடை வாசலில் வேகம் பூச்சியமாகாதே!

“பார்சல் கட்டு நஸீர். ஓடிக்கிட்டே திங்கப் போறன்.”

நஸீரின் முகம் மாறியது. “பார்சல் குடுக்குறல்ல சேர். இஞ்ச இருந்து பையத் தின்னுங்க.”

“நான் வாங்கினத நான் எங்க திண்டா உனக்கென்ன?”

பார்சலைப் பறித்துக்கொண்டு வாவிக்கரை றோட்டில் விட்டார். ஒரு கையில் கைபிடி, மற்றக் கையில் வட்டிலப்பம். இரண்டு வாய் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாய்க்குக் கண்ணை மூடி ரசித்தபோது எருமைக்கூட்டம் ஒன்று றோட்டைக் கடந்தது. எருமைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேர் மோட்டார் சைக்கிளோடு வாவிக்கரைச் சேற்றில் இறங்கினார்.

வீட்டுக்கு வந்தபோது மஃரிப் பாங்கும் சொல்லி முடிந்திருந்தது. தலையில் இருந்து கால் வரை சேறு, தாடியில் முந்திரித் துண்டு.

ஸகியா ஓடி வந்து கையையும் காலையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் முறியவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். “உங்கட பாதை தொடர்ச்சியாத்தான் இரிக்கி. ஆனா விழுந்த புள்ளியில சட்டெண்டு முறிஞ்சிட்டு. அந்த இடத்தில வகையிட ஏலா.”

சேரின் கண் கலங்கிவிட்டது. சேற்றோடு அப்படியே நிலத்தில் குந்தி, நஸீர் கடையில் இருந்து எருமை வரைக்கும் ஒன்றும் விடாமல் ஒப்புக்கொண்டார்.

“வெக்கமா இரிக்கி ஸகியா. ஆனா சத்தியமாச் சொல்றன், என்ட வாழ்க்கையில இப்படிச் சந்தோசப்பட்டதில்ல. நான் படிப்பிச்சது ஒண்டும் வீண் போகல்ல.”

“ஓம்,” என்றாள் ஸகியா, துவாயை நீட்டி. “உங்கட உதவி இல்லாட்டி ஏலாதுதான்.”

ஒப்புக்கொண்டதனால் வட்டிலப்பம் நின்றுவிடவில்லை. சோதனை நாள் வரைக்கும் நஸீர் மறித்துக்கொண்டே இருந்தான், சேர் மாட்டிக்கொண்டே இருந்தார். குற்றவாளிக்கு அடிமட்டத்தைத் தூக்கக் கை வருமா? அடிமட்டம் அலுமாரிக்கு மேலேயே கிடந்தது.

முடிவுகள் வந்தன. ஸகியாவுக்கு நுண்கணிதத்தில் ஏ.

அன்று பின்னேரம் சேர் யாரும் மறிக்காமலே நஸீர் கடையில் இறங்கினார். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, “ரெண்டு தரம் பெயிலான ஆள ஏ எடுக்க வைக்கிறது சும்மா இல்ல,” என்று தொடங்கினார். “விடாமப் படிப்பிக்கணும். பக்கத்தில இருந்து கவனிக்கணும். பொறுமை வேணும்! எங்க நஸீர், சந்தோசத்துக்கு எனக்கொரு தட்டு போடு.”

நஸீர் சங்கடத்தோடு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“உங்களுக்கு இனி வட்டிலப்பம் இல்ல சேர், ‘நான் பாஸாகிட்டன், நான் நிம்மதியாப் படிக்கிறதுக்காக இனி நீங்க அவர மறிச்சி வைக்கத் தேவையில்ல, சீனி போடாத வட்டிலப்பமும் இனிச் செஞ்சி அனுப்ப மாட்டன்’ எண்டு ஸகியா ராத்தா காலையிலயே சொல்லிட்டா.”