எங்கள் கல்லூரியின் நூறு சதவீதம்

வேலையில்லாத் திண்டாட்டம் என்னும் கொடிய நோயை ஒரே பிற்பகலில் ஒழித்துக்கட்டிய பெருமை இந்தப் பூவுலகில் ஒரே ஓர் ஊருக்குத்தான் உண்டு. லண்டன் அல்ல, நியூயார்க் அல்ல, விருத்தாசலம். சென்ற பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மூன்றரை மணிக்கு, எங்கள் கலை அறிவியல் கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தில் அது ஒழிந்தது. ஒழிந்ததும் ஆளுக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் வழங்கப்பட்டன.

நான் அந்தக் கல்லூரியில் தமிழ்த்துறை உதவிப் பேராசிரியர். கூடுதல் பொறுப்பு, 'வேலைவாய்ப்பு ஒருங்கிணைப்பாளர்'. "தமிழ் படிச்ச இவருக்கே வேலை கெடைச்சிருக்குது, இவரவிட வேற சாட்சி என்னா வேணும்?" என்று தாளாளர் திரு. ராஜ்மோகன் கருதியதால் அந்தப் பொறுப்பு என்னைத் தேடி வந்தது. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. தனி நாற்காலி உண்டு.

தாளாளர் தொலைநோக்கு உடையவர். ஜங்ஷன் பக்கம் இன்னொரு கல்லூரி '98 சதவீத வேலைவாய்ப்பு' என்று ஃப்ளெக்ஸ் கட்டிய அன்றே அவசரக் கூட்டம் கூட்டினார்.

"நம்ம கணக்கு எவ்ளோங்க?"

"நாலுங்க ஐயா" என்றேன்.

"நாலு சதவீதமா?"

"நாலு பேருங்க."

கூட்டம் ஒரு நிமிடம் எழுந்து நிற்காமலே மௌன அஞ்சலி செலுத்தியது. பிறகு தாளாளர் அலுவலக மேலாளர் பக்கம் திரும்பினார். "தேவநாதன், நூறுன்னு போட்டு ஃப்ளெக்ஸ் அடிங்க."

"நூத்தி ஒண்ணுன்னு போட்டா மொய் மாதிரி ராசியா இருக்குமுங்க ஐயா" என்றார் தேவநாதன்.

அறிவியல் மனப்பான்மை கருதி அந்த யோசனை நிராகரிக்கப்பட்டது.

சாதாரண நிறுவனங்கள் முதலில் காரியத்தைச் செய்யும், பிறகு விளம்பரம் செய்யும். நாங்கள் முற்போக்காளர்கள். ஃப்ளெக்ஸ் திங்கட்கிழமையே ஏறிவிட்டது, இருபதுக்கு முப்பது அடி. அதற்கேற்ற உண்மை வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. உண்மையின் பெயர் 'பொன்னாளை சொல்யூஷன்ஸ்'.

இறுதியாண்டு மாணவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நேர்காணலில் கம்பெனி சார்பில் தேவநாதனே கேட்ட கேள்வி ஒன்று: "உங்க பேரு என்னா?" சரியாக விடையளித்த அனைவரும் தேர்வானார்கள். காய்ச்சலில் படுத்திருந்த கொளஞ்சியும் தேர்வானாள். இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த இனியவனும் தேர்வானான். கல்லூரிப் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுக்க யாருக்கும் மனம் வந்திருக்கவில்லை.

பணி ஆணை கனமான தாளில் இருந்தது. பதவி: எக்ஸிகியூட்டிவ். சம்பளம்: மாதம் இருபத்திரண்டாயிரம் வரை. 'வரை' மட்டும் எறும்பு அளவு எழுத்தில். இலக்கணப்படி பூஜ்யமும் அந்த 'வரை'க்குள் அடங்கும் என்பதை ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் உறுதி செய்கிறேன். கடைசியில் ஒரு வரி: 'ரூ. 6,500 வைப்புத் தொகை, திருப்பித் தரத்தக்கது.' யார், யாருக்கு, எப்போது என்ற அற்ப விவரங்கள் தவிர்க்கப்பட்டிருந்தன.

மறுவாரம் தாளாளர் ஒரு சுற்றறிக்கை கேட்டார். எழுதியது நான்தான். 'வைப்புத் தொகை செலுத்தாதோர் நமது நூறு சதவீதத்துக்கு ஊறு செய்தோராகக் கருதப்பட்டு, அவர்தம் ஹால் டிக்கெட் நிறுத்தி வைக்கப்படும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்புடன், நிர்வாகம்.' அந்த 'அன்புடன்' என் சொந்தக் கற்பனை. தாளாளர் அதை மிகவும் ரசித்தார்.

வியாழக்கிழமை காலை அமுதவள்ளி என் நாற்காலியின் முன் வந்து நின்றாள். பி.காம். இறுதியாண்டு. அப்பா கோவிந்தசாமி, ஒரு செராமிக் கம்பெனியில் சூளைக்குத் தீ பார்ப்பவர். இவள் சனி, ஞாயிறுகளில் ஒரு பொம்மைக் கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவாள். ஒரு பொம்மைக்கு ஒன்றரை ரூபாய். ஒரு கண்ணுக்கு முக்கால் ரூபாய் என்று பார்த்தால் குறைவாகத் தோன்றும், அதனால் கம்பெனி அப்படிப் பார்ப்பதில்லை.

"சார், எங்கிட்ட நாலாயிரத்து நூறு ரூவா இருக்குது. அதுல மூவாயிரத்துத் தொள்ளாயிரம் பரீட்ச ஃபீஸுக்கும் பாக்கி ஃபீஸுக்கும் சரியாப் போவும். இந்த வேல எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துடவா?"

"வேலையை வேண்டாம் என்று சொல்ல விதிமுறையில் இடமில்லையே அம்மா. சொன்னால் தொண்ணூற்றொன்பது சொச்சம் ஆகிவிடும்."

"அப்ப சம்பளத்துல புடிச்சிக்கச் சொல்லுங்க சார்."

"சம்பளம் வந்தால்தானே பிடிக்க முடியும்?"

நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பொம்மைக்குக் கண் எழுதுபவளின் பார்வை, கருவிழி எங்கே நகர்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"சார், ராத்திரியில படுத்தா தூக்கமே வரமாட்டுது. பரீட்ச முடிஞ்சி என்னா பண்ணப் போறோம்னு ஒரு பயம். இப்ப பரீட்சையே எழுத முடியாதுன்னா, அந்தப் பயத்துக்குக்கூட எனக்குத் தகுதி இல்லாமப் போயிடும்" என்றாள். கண்ணில் தண்ணீர். ஆனால் உதட்டில் ஒரு சிரிப்பு. "வாங்க சார், அந்தக் கம்பெனியப் போயிப் பாத்துட்டு வருவோம்."

எனக்கும் அங்கே ஒரு பாராட்டுக் கடிதம் வாங்கும் அலுவல் இருந்தது. போனோம்.

பொன்னாளை சொல்யூஷன்ஸின் தலைமையகம் கடைத்தெருவில் ஒரு வளையல் கடைக்கு மேலே இருந்தது. ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கழுத்தில் டை கட்டிய ஓர் இளைஞன். மேசையில் 'எச்.ஆர். மேனேஜர்' என்று பலகை. அவன் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, டையைச் சாதத்திலிருந்து எடுத்தான்.

"வணக்கங்க சார். தெரியலீங்களா? அன்பரசன். போன வருஷம் உங்ககிட்டதான் தமிழ் படிச்சேன்."

"அண்ணா, போன வருஷ நாலு பேர்ல நீங்களும் ஒருத்தரா?" என்றாள் அமுதவள்ளி.

"ஆமாம்மா" என்றான் பெருமையாக. "நானும் ஆறாயிரத்து ஐநூறு கட்டித்தான் சேந்தேன்."

"சம்பளம் எவ்ளோண்ணா?"

"அது பேச்சுவார்த்தையில இருக்குது."

"எத்தினி மாசமா?"

"பத்து மாசமா. நல்ல முறையில போயிட்டிருக்குது."

முதலாளி யார் என்று கேட்டாள். அன்பரசன் அவரைப் பார்த்ததே இல்லையாம். "எம்.டி. போன்லதான் பேசுவாரு. தெனம் சாயங்காலம் கலெக்ஷன் வந்துச்சான்னு கேப்பாரு. பின்னாடி எப்பவும் எண்ணெ கொதிக்கிற சத்தம் கேக்கும். பெரிய ஆயில் கம்பெனியும் வச்சிருக்காருபோல."

வைப்புத் தொகையை இதுவரை ஒருவரும் கட்டவில்லை. எதையும் கடைசி நாளில்தான் கட்டுவது என்ற உயரிய மாணவர் மரபு எங்கள் கல்லூரியில் இன்னும் அழியவில்லை.

அமுதவள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணா, ஆர்டர்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நாந்தான்."

"சீலு?"

"எங்கிட்டதான் இருக்குது. லெட்டர்பேடும் மூணு கட்டு இருக்குது. அதிகாரம் முழுக்க எனக்குத்தான்மா. சம்பளம் ஒண்ணுதான் இல்ல."

"அப்ப டெபாசிட்டு தள்ளுபடின்னு ஒரு லெட்டர் போடுங்கண்ணா. எனக்கு மட்டும் இல்ல, எரநூத்திப் பன்னெண்டு பேருக்கும்."

அன்பரசன் தயிர்சாதத்தைப் பார்த்தான், டையைப் பார்த்தான், பத்து மாதப் பேச்சுவார்த்தையை நினைத்தான். அவன் முகத்தில் மெல்ல ஓர் ஒளி படர்ந்தது. பதவியேற்ற நாளிலிருந்து அவன் செய்யப்போகும் முதல் நிர்வாக முடிவு அது. "போட்டுடலாம்மா!" என்று மேசையைக் குத்தினான். ஊறுகாய் எகிறி விழுந்தது.

வாசகம்தான் சரியாக வரவில்லை. 'தள்ளுபடி செய்கிறேன்' என்று அடித்தான். எனக்குக் கை துறுதுறுத்தது. "'வைப்புத் தொகை பெறப்பட்டதாகக் கருதப்படுகிறது' என்று போடு தம்பி" என்றேன். செயப்பாட்டு வினை. யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று யாரும் கேட்கவே முடியாது. அலுவலகங்களுக்கென்றே ஆண்டவன் படைத்த வினை அது.

நூற்றுநாற்பதாவது கடிதத்தில் பிரிண்டர் மை தீர்ந்தது. அமுதவள்ளி தன் நாலாயிரத்து நூறிலிருந்து ரூபாய் எடுத்துக்கொண்டு கீழே செராக்ஸ் கடைக்கு ஓடினாள். மூன்று பேரும் சீல் குத்தினோம். மூவருக்கும் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. வளையல் கடைக்காரர் மேலே வந்து, "கல்யாணப் பத்திரிகையா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை, கல்லூரி அலுவலகத்தின் முன் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையில் கடிதத்தோடு நின்றார்கள். காய்ச்சல் தெளிந்த கொளஞ்சி மப்ளரோடு நின்றாள். இனியவன் எட்டுப் பேரை ஆட்டோவில் ஏற்றி வந்து, அவனும் வரிசையில் நின்றான்.

"ஒனக்கு எதுக்குடா ஹால் டிக்கெட்?" என்றார் தேவநாதன்.

"வேலைக்கு எடுத்தீங்கல்ல சார்? பரீட்சைக்கும் எடுத்துக்கங்க."

சத்தம் கேட்டுத் தாளாளர் வந்தார். ஒரு கடிதத்தை வாங்கிப் படித்தார். முகம் சூளையிலிருந்து எடுத்த பாத்திரம்போலச் சிவந்தது.

"இது போலி!"

"ஐயா" என்றாள் அமுதவள்ளி. தன் கடிதத்தை உயர்த்திப் பிடித்தாள். "அதே லெட்டர்பேடு, அதே சீலு, அதே கையெழுத்துங்க. இது போலின்னா வேல ஆர்டரும் போலின்னு ஆயிடுமேங்க. அப்ப வெளியில கட்டியிருக்கிற ஃப்ளெக்ஸ என்னாங்க ஐயா பண்றது?"

தாளாளர் கையிலிருந்த கடிதத்தைக் கசக்கிக்கொண்டே சொன்னார்: "அந்தக் கம்பெனி எம்.டி.க்கு இப்பவே போனப் போடுங்க தேவநாதன்!"

தேவநாதன் தாளாளரின் போனிலிருந்தே போட்டார். ஸ்பீக்கரிலும் போட்டார். அடுத்த கணம் பக்கத்தில் இருந்த எங்கள் கல்லூரிக் கேண்டீனில் ஒரு போன் அலறியது. ஜன்னல் வழியாக அனைவரும் பார்த்தோம். கேண்டீன் குத்தகைக்காரரும் தாளாளரின் மைத்துனருமான பாலகிருஷ்ணன், ஒரு கையில் வடைக் கரண்டியோடு இன்னொரு கையால் போனை எடுத்தார்.

"சொல்லுங்க மாமா, கலெக்ஷன் வந்துடுச்சா?" என்றது ஸ்பீக்கர். பின்னணியில் எண்ணெய் கொதித்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கொளஞ்சி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாளாளர் பெருந்தன்மையாளர். "நம்ம கல்லூரி மாணவர் நலனுக்கு முன்னுரிமை குடுக்குது" என்று அறிவித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பதினோரு மணிக்கு ஹால் டிக்கெட்டுகள் வெளியே வந்தன. அமுதவள்ளி ஃபீஸ் கட்டியதுபோக அவளிடம் பன்னிரண்டு ரூபாய் மிஞ்சியது. அதற்கு ஒரு டீ வாங்கி எனக்குக் கொடுத்தாள். கேண்டீன் டீ.

அன்பரசனுக்கு வேலை போயிற்று. சம்பளம் அப்படியேதான் இருக்கிறது என்பதால் அவன் பெரிதாக வருந்தவில்லை. இப்போது திட்டக்குடியில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறான், மாதா மாதம் ஒன்பதாயிரம் கையில் வருகிறதாம். முதல் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, இது என்ன என்று கடைக்காரரையே கேட்டானாம். அமுதவள்ளி எல்லாப் பாடங்களும் எழுதினாள். பொம்மைக் கம்பெனியில் இப்போது வாரம் முழுக்க வேலை, சாயங்காலம் கொளஞ்சியோடு வங்கித் தேர்வுக்குப் படிப்பு.

மே மாதம் அவளிடமிருந்து போன் வந்தது.

"சார், புது ஃப்ளெக்ஸ்ல என் போட்டோ போட்டிருக்காங்க. நான் எக்ஸிகியூட்டிவா இருக்கேனாம். எனக்கே இப்பத்தான் தெரியும். சம்பளம் எவ்ளோன்னு அப்பா கேக்குறாரு. என்னான்னு சொல்லட்டும்?"

"பேச்சுவார்த்தையில் இருக்கிறது என்று சொல் அம்மா" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஃப்ளெக்ஸ்ல இருக்கிற வாசகம் உங்களதுதானே சார்? எழுத்துல தெரியுது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஆமாம், என்னுடையதுதான். நல்ல வாசகம். அதைப் படித்துவிட்டுத்தான் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தங்கம்மாள் என்ற அம்மாள் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, "படிச்சி முடிச்சா நெசமா வேல கெடைக்குமா சார்?" என்று கேட்டார்கள். "நூறு சதவீதம் அம்மா" என்றேன். அவர்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். நான் ரசீது போட்டேன். அன்று மாலையே, ஆறு வருடத் தற்காலிகத்துக்குப் பிறகு, தாளாளர் என்னை நிரந்தரமாக்கி ஆணை வழங்கினார்.

எங்கள் கல்லூரி சொன்ன சொல் தவறாது. இன்னும் மூன்று வருடம் கழித்துத் தங்கம்மாளே ஊரெல்லாம் சொல்வார்கள்: "அந்தத் தமிழ் வாத்தியாரு எம் பொண்ணுக்கு வேலை காட்றேன்னு சொன்னாரு. அதேமாதிரி வேலையக் காட்டிட்டாரு."