தப்படியாரும் என் மகளின் சட்டையும்

திருவள்ளூரில் யார் வீடு எங்கே இருக்கிறது என்று கடவுளுக்கே சந்தேகம் வந்தாலும் தப்படியாரைத்தான் கேட்டிருப்பார். தப்படியாரும் கடவுளாயிற்றே என்றெல்லாம் பார்க்காமல், "குளக்கரையிலேர்ந்து நூத்திப் பதினேழு தப்படி, சோத்துக்கை பக்கம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த சர்வே ஆபீசில் அவர் வரைபடம் போடுகிறவர். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். சங்கிலி பிடித்து அளந்து வந்த கணக்கை அவர் நம்பமாட்டார். தானே போய் நடந்து பார்ப்பார். நூறு தப்படிக்கு ஒரு புளியங்கொட்டை இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். நடக்கும்போது யாரும் பேசக் கூடாது. ஓர் அமாவாசையன்று வீரராகவர் கோயில் குளக்கரைக் கூட்டத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் அவரிடம் மணி கேட்டுவிட்டார்.

"கெடுத்தியே நைனா! முன்னூத்தி நாப்பது வரைக்கும் வந்துட்டிருந்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு ஆரம்பித்த இடத்துக்கே திரும்பினார் தப்படியார். வெளியூர்க்காரர் ஏதோ தெய்வக்குற்றம் செய்துவிட்டதாக நினைத்து, கைகூப்பியபடி குளம் முழுக்க அவர் பின்னாலேயே சுற்றினார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் கூடத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடந்துவிட்டு, "பத்திரத்துல கீறதுக்கு ரெண்டு தப்படி கொறையுதே" என்றாராம். கடைசிவரை பிரம்மச்சாரி.

இங்கே டிரேசிங் துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்போது வரைபடங்களைக் கஞ்சி போட்டு மெருகேற்றிய மெல்லிய துணியில்தான் மையால் வரைவார்கள். பழசாகிக் கழித்த படத்தை வெந்நீரில் ஊறவைத்தால் கஞ்சி போய், பூப்போன்ற துணி கிடைக்கும். ஆபீசில் எல்லோருக்கும் கைக்குட்டை அதில்தான். குழந்தை பிறந்தால் சட்டையும் அதில்தான். மை மட்டும் முழுசாகப் போகாது. எங்கள் ஆபீஸ் பிள்ளைகள் முதுகில் ஏதாவது ஒரு தெரு மங்கலாக ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தச் சமயத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்காக நிலம் எடுத்தார்கள். அதில் ஏரிக்கரைக் காலனி என்று கூலிக்காரர்களின் குடிசைகள் இருந்தன. ஆபீஸ் படத்தில் அந்த இடம் வெறும் தரிசு. தப்படியாருக்கு மனசு கேட்கவில்லை. ஆள் தரமாட்டோம், சங்கிலி தரமாட்டோம் என்று அதிகாரி சொல்லியும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் போய் ஒவ்வொரு குடிசையாக நடந்து அளந்தார்.

"இன்னா நைனா, என் ஊட்டையே சுத்திச் சுத்தி வர்றே? எதுனா காணாப் பூட்ச்சா?" என்று அங்கே குடியிருந்த அஞ்சலை கேட்டிருக்கிறாள்.

"உன் ஊடுதாம்மா காணாப் போயிருக்குது. படத்துல இல்லியே" என்றாராம்.

ஐம்பத்து நான்கு வீடுகள், பெயர்களுடன். அளவு குறித்த சிகரெட் அட்டைகளை, படம் முடிந்ததும் வழக்கம்போலக் கிழித்துப் போட்டுவிட்டார். "உம்மை யாரய்யா கேட்டது?" என்று அதிகாரி அந்தப் படத்தை அலமாரி மேலே தூக்கிப் போட்டார். அதன்மேல் தூசி படிந்தது.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அலமாரி மேல் கிடந்த ஒரு துணிச் சுருளை, கழித்தது என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. என் மனைவி அதை ஊறவைத்து, வெட்டி, சட்டை தைத்தாள். வெட்டிய துண்டுகள் விளக்குத் திரியாயின.

அடுத்த மாதம் குடிசைகளை இடித்துச் சமன் செய்தார்கள். காலனிக்காரர்கள் மாற்று மனை கேட்டு வந்தபோது அதிகாரி, "படத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் மனை" என்றார். தப்படியார் சந்தோஷமாக அலமாரி மேல் ஏறினார். வெறும் தூசியோடு இறங்கினார்.

அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. வேலை போய்விடும் என்ற பயம். மூன்று நாள் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல இருந்தேன். நான்காம் நாள் தப்படியார் கிலுகிலுப்பையோடு குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். தூக்கினார். கொஞ்சவில்லை. முதுகைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மாரியம்மன் கோயில்" என்றார் மெதுவாக. "பக்கத்துல கன்னியப்பன் ஊடு."

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "கொழந்தைய குப்புறப் போடும்மா" என்றார் என் மனைவியிடம். குழந்தை நெளிந்தபோதெல்லாம், "ஆடாதே கண்ணு, தெரு கோணிக்குது" என்று கெஞ்சிக்கெஞ்சி, முதுகையும் வயிற்றையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். நாற்பத்தைந்து வீடுகள் கிடைத்தன. ஒன்பது வீடுகள் கழுத்துக்கும் கைக்கும் வெட்டிய இடத்தில் இருந்தவை. அவை எங்கள் வீட்டு விளக்கில் எரிந்து முடிந்திருந்தன.

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போனார். புல்லும் இல்லாத மொட்டை மண். இடது பையில் புளியங்கொட்டையோடு நடந்தார். அந்த ஒன்பது வீட்டுக்காரர்களும் அவருடைய கணக்குக் கெடக் கூடாதென்று மூச்சுவிடாமல் பின்னால் வந்தார்கள். ஓரிடத்தில் நின்று, "அஞ்சலை, உன் அடுப்பு இங்கதானே?" என்றார். அவள் அந்த மண்ணில் குந்தி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

தப்படியார் கொண்டுபோய்க் கொடுத்த சட்டையையும் புதுப் படத்தையும் அதிகாரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "துணியில் தெரிகிறதை ஒப்புக்கொள்கிறேன். உம் மனசில் தெரிகிறதை ஒப்புக்கொள்ள எனக்கு அதிகாரமில்லை" என்று அந்த ஒன்பதையும் சிவப்பு மையால் அடித்தார். பிறகு, "ஆபீஸ் படத்தை யாரய்யா துவைத்தது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"பிரம்மச்சாரிக்கு எதுக்கய்யா குழந்தைச் சட்டை?"

"பக்கத்து ஊட்டுக் கொழந்தைக்குத் தெச்சுக் குடுத்தேன் சார்."

இரண்டு தப்படி தூரத்தில்தான் நின்றேன். தலையைக் குனிந்துகொண்டேன். சட்டைக்கு நம்பர் போட்டு நூல் கட்டிக் கோப்பில் சேர்த்தார்கள். தப்படியாரை ஆர்.கே.பேட்டைக்கு மாற்றினார்கள். கிளம்பும்போது, "கொழந்தைக்கு வேற சட்டை தெச்சுப் போடு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

சில வருஷங்களில் அங்கேயே இறந்துபோனார். சேதி கேட்டு நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, அஞ்சலை இரண்டு பஸ் மாறி எனக்கு முன்பே வந்திருந்தாள். ரயில் ரோட்டோரம் ஒதுங்கிய அந்த ஒன்பது வீட்டாரையும் அவர் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எங்க ஊட்டுப் படத்தத் தொலச்சவரு இவருதான் சார். நெனச்சா வயிறு எரியும். ஆனா நேர்ல பாத்தா திட்ட வாய் வராது. அப்பிடி ஒரு மன்சன்" என்றாள் என்னிடம்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பாடைக்குப் பின்னால் தப்படி எண்ணிக்கொண்டு நடந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். அதற்குமேல் கண் மறைத்துவிட்டது.

அஞ்சலையம்மா, நீ எங்கே இருந்தாலும் யாராவது இதைப் படித்துக் காட்டட்டும். தொலைத்தது நான். நீ திட்டாமல் விட்டாயே, அந்த மனிதர் உன் அடுப்பைக்கூட மறக்கவில்லை.