சுவரில் சாப்பிட்ட மாப்பிள்ளை

சுவர் நீலமாகவே நின்றது. நடுவில் ‘சிக்னல் இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு.

ஏறாவூர் முழுக்கக் கலியாண வீடுகளுக்குப் புரொஜெக்டர் வாடகைக்குக் கொடுப்பவன் ரிஸ்கான். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டு ஹோலில் ரிமோட்டில் பட்டன் தேடிக்கொண்டிருந்தான். பின்னால் சோபாவில் ஓட்டமாவடி அப்துல் கபூர் ஹாஜியாரும் மனைவி ஆயிஷா உம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் மகள் பஹீமாவுக்கு, கட்டாரில் வேலை செய்யும் ரிஸ்கானின் காக்கா, மூத்தவன் ஷிஹானை மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள்.

“போன்லயே பார்ப்பமே மகன்,” என்றார் ஆயிஷா உம்மா.

“எனக்குக் கண்ணுல ஒப்பரேசன் செஞ்ச. சின்னதா ஒண்டும் தெரியாது. பெருசாவே காட்டட்டும்,” என்றார் ஹாஜியார்.

காட்ட வேண்டியது, ஷிஹான் சோறு தின்னும் வீடியோ. போன கிழமை ஹாஜியார் கோல் எடுத்து, சம்பளம் கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை. “மாப்பிள்ள சோறு தின்றத ஒருக்கா எடுத்து அனுப்பச் சொல்லுங்க” என்றார். அதைத் தவிர வேறு எதைக் கேட்டிருந்தாலும் இந்த வீடு கொடுத்திருக்கும். ஷிஹானுக்குப் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம். சோற்றையும் இடக்கையால்தான் தின்பான். முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் சாப்பாட்டு விரிப்பிலேயே முறிந்தன. வலக்கையால் தின்று ஒரு வீடியோ அனுப்பு என்று வீட்டில் சொன்னார்கள், அவனும் அனுப்பினான். அதில் சோறு வாய்க்குப் போகாமல் தாடிக்குப் போனது. அதைப் பார்த்தால் பெண் கொடுப்பதற்குப் பதில் துவாய் கொடுப்பார்கள்.

காக்காவுக்குக் கலியாணம் முடியாமல் தம்பிக்கு நடக்காது. ஹஜ்ஜுப் பெருநாள் வரைதான் பொறுப்போம் என்று ரிஸ்கானுக்குப் பேசிவைத்த றமீஸாவின் வீட்டார் அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். ஆகவே அவன் ஒரு தந்திரம் கண்டுபிடித்தான். புரொஜெக்டரைத் திரைக்குப் பின்னால் வைப்பவர்களுக்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பும் வசதி மெனுவில் உண்டு. ஷிஹான் வழக்கம்போல இடக்கையால் தின்னும் வீடியோவைத் திருப்பினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடக்கை வலக்கையாகிவிடும். வாயே திறக்காமல் இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லலாமே என்று நேற்று முழுக்க அவனுக்குத் தன்மேலேயே மதிப்பு.

சோர்ஸ் பட்டனை அமுக்கி அடுத்த இணைப்புக்கு மாற்றினான். படம் வந்தது. வந்த வேகத்தில் மெனுவுக்குள் போய்த் தட்டினான்.

“யா அல்லாஹ்! புள்ள தலகீழாத் தொங்குதே!” என்று நெஞ்சில் கைவைத்தார் ஆயிஷா உம்மா.

“ஒரு நிமிசம் மாமி!”

மெனுவும் சேர்ந்து புரண்டுவிட்டதால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியவில்லை. குத்துமதிப்பாக ஒன்றை அமுக்கினான். ஷிஹான் நேராகிவிட்டான். ஆனால் இடக்கை சோற்றுப் பீங்கானுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ரிஸ்கான் பாய்ந்து லென்சை மறித்தான். ஷிஹான் தம்பி போட்டிருந்த சேட்டிலேயே ஒரு கவளம் பிசைந்தான்.

“என்ன மகன் ஒளிக்கிறாய்?” என்றார் ஹாஜியார்.

“ஒளிக்கல்ல ஹாஜியார். வயர் சூடாகுதா எண்டு பார்க்கிறன்.”

மறித்தபடியே மறுபடி அமுக்கினான். விலகிப் பார்த்தால், அல்ஹம்துலில்லாஹ், ஷிஹான் வலக்கையால் அழகாக நண்டுக்கறியும் சோறும் தின்றுகொண்டிருந்தான். கதவோரம் நின்ற ரிஸ்கானின் உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

ஹாஜியார் கழுத்தை நீட்டினார். “மகன், அந்தச் சுவர் மணிக்கூடு பின்னுக்கு ஓடுதே?”

ஷிஹானின் தலைக்கு மேலே ஒரு மணிக்கூடு. படத்தோடு சேர்ந்து அதுவும் திரும்பியிருந்தது.

“கட்டார் நேரம் நமக்குப் பின்னுக்குத்தானே ஹாஜியார்,” என்றான் ரிஸ்கான்.

ஹாஜியார் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். யோசித்து முடிப்பதற்குள் ரிஸ்கான் வெளிச்சத்தைக் குறைத்தான். மணிக்கூடு மறைந்தது. கூடவே ஷிஹானும் மறைந்தான்.

“அங்க கரண்ட் போயிட்டா மகன்?” என்றார் ஹாஜியார்.

அவசரத்தில் நிறத்தைக் கூட்டினான். இருட்டிலிருந்து ஷிஹான் மஞ்சளாக வெளியே வந்தான்.

“செங்கமாரியா மாப்பிள்ளைக்கு?” என்று ஆயிஷா உம்மா எழுந்தே விட்டார்.

ரிஸ்கானுக்கு அழுகை வந்தது. றமீஸாவை நினைத்துக்கொண்டு கடைசி ஆயுதமான ஸூமை எடுத்தான். படம் வளர்ந்து வளர்ந்து மணிக்கூடு முதலாவதாகவும் செங்கமாரி முகம் இரண்டாவதாகவும் சுவரை விட்டு வெளியேறின. மிஞ்சியது ஒரு பீங்கானும் ஒரு கையும்தான். சுவர் நிறைய வலக்கை.

ஹாஜியார் எழுந்து சுவரடிக்குப் போய் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார்.

“இது சோத்துக்கைதானே மகன்?”

“ஓம் ஹாஜியார்.”

“இடக்கைப் பழக்கம் சாடையாவும் இல்லயா?”

“மருந்துக்கும் இல்ல! பால்குடி நாளையில இருந்தே வலக்கைதான்.”

“நான் வளர்த்த புள்ளதானே, எனக்குத் தெரியாதா?” என்று உம்மாவும் கதவோரத்தில் இருந்து சாட்சி சொன்னார்.

ஹாஜியாரின் முகம் தொங்கிவிட்டது. மேசையில் வைத்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, “வாங்க போவம்,” என்றார் மனைவியிடம்.

ரிஸ்கான் குறுக்கே ஓடினான். “ஹாஜியார்! என்ன குறை கண்டீங்க? சொல்லிட்டுப் போங்களன்!”

ஹாஜியார் படியிறங்கினார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பின்னால் போன ஆயிஷா உம்மாதான் வாசலில் நின்று திரும்பினார்.

“காக்கா இடக்கையால தின்றவர் எண்டு கேள்விப்பட்டுத்தான் மகன் ஓட்டமாவடியில இருந்து தேடி வந்தம், எங்கட பஹீமாவும் இடக்கையாலதான் தின்றவ.”